பூசை வைக்க முடியாதவர் வரைந்த பீடங்கள்

அந்திரேயா பொட்சோ குருவானவர் அல்ல. இயேசு சபையில் 43 ஆண்டுகளுக்கு மேல் இருந்தும் அவர் குருப்பட்டம் பெறவில்லை. சகோதரராகச் சேர்ந்தார், சகோதரராகவே இறந்தார். ரோம் நகரில் இன்றும் உலகமெங்கும் இருந்து ஆட்கள் வந்து அண்ணாந்து பார்க்கிற பீடத்தை வரைந்த மனிதர், அந்தப் பீடத்தில் ஒரு நாளும் பூசை வைத்ததில்லை. வைக்கவும் முடியாது. அவருடைய வாழ்க்கையை வாசிக்கத் தொடங்கியபோது என்னைப் பிடித்து நிறுத்திய முதல் விடயம் இதுதான்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். தொழிலில் படவரைஞன். பிளான், எலிவேசன், செக்சன் என்று கோடுகளோடு சீவியத்தைக் கழித்தவன். பொட்சோவிடம் என்னைக் கொண்டுபோனது பக்தி அல்ல, அவருடைய வரைபடப் புத்தகம். ஒரு தேவாலயப் பீடத்தை அடித்தளத்தில் இருந்து உச்சி வரை எப்படி எழுப்புவது என்று கோடு கோடாகக் காட்டும் புத்தகம் அது. கோடுகளுக்காகத்தான் திறந்தேன். அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைச் சொல்ல நிற்கின்றன என்பது பக்கம் புரட்டப் புரட்ட விளங்கியது.

1642 நவம்பர் 30 அன்று திரெந்தோ நகரில் பொட்சோ பிறந்தார். அது அந்திரேயா அப்போஸ்தலரின் திருநாள். திரெந்தோ இன்று வட இத்தாலியில் இருக்கிறது. அன்று ஓர் ஆயரின் ஆட்சியில், ஜேர்மானியப் பேரரசின் கீழ் இருந்தது. கத்தோலிக்க வரலாறு படித்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் பழக்கமானது. 1545 முதல் 1563 வரை, இடையிடையே நின்று நின்று நடந்த திரெந்துப் பொதுச்சங்கம் கூடியது அங்கேதான். லூத்தரும் கல்வினும் எழுப்பிய கேள்விகளுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை பதில் சொன்ன சங்கம் அது. சுரூபங்களை வணங்கலாமா, புனிதர்களிடம் மன்றாடலாமா, நற்கருணையில் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறாரா என்ற கேள்விகளுக்கெல்லாம் ஆம் என்று அது சொன்னது. சொன்னதைச் சனங்களின் கண்ணுக்குக் காட்ட வேண்டிய இடம் பீடம். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் பீடங்கள் உயர்ந்து, விரிந்து, தூணும் முகிலும் சம்மனசுமாகக் கூரையைத் தொட்டதற்குப் பின்னால் இந்த வழக்கு இருக்கிறது. பரோக் பீடத்தை வெறும் அலங்காரம் என்று பார்த்தால் பாதிதான் விளங்கும். அது மரத்திலும் சலவைக்கல்லிலும் செய்த ஒரு வாதம்.

இளவயதிலேயே ஓவியம் பழகிய பொட்சோ, 1665 டிசெம்பர் 25 அன்று, நத்தார் நாளில், மிலானில் இயேசு சபையில் சேர்ந்தார். சபையில் சகோதரர்கள் என்றால் சமையல், தையல், தோட்டம், வாசற்காவல் என்று கைவேலைக்கு நிற்பவர்கள். பொட்சோவின் கைவேலை தூரிகை. மிலான், ஜெனோவா, துரின் என்று சபை அனுப்பிய இடமெல்லாம் போய் வரைந்தார்.

அந்தக் காலத்தில் நாற்பது மணி நேர ஆராதனை என்று ஒன்று பெரிதாக நடந்தது. நற்கருணையைப் பீடத்தில் வைத்து இரவு பகலாக மக்கள் வந்து மன்றாடுவார்கள். அதற்காகப் பீடத்தின் முன்னே மரச் சட்டங்களும் துணியும் கொண்டு ஒரு பெரிய மேடை எழுப்புவார்கள். ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய துணித் திரைகளில் தூண்களும் வளைவுகளும் வரைந்திருக்கும். திரைகளுக்கு இடையே ஒளித்து வைத்த விளக்குகள் எரியும். சில நாட்களில் எல்லாவற்றையும் கழற்றி விடுவார்கள். எங்கள் ஊர்ப் பெருநாள் சோடனைகளையும் கூத்து மேடையின் சீன் திரைகளையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொட்சோ இந்தச் சோடனையில்தான் தேர்ந்தார். 1685இல் ரோமில் இயேசு சபையின் தாய்த் தேவாலயமான ஜெசுவில் அவர் எழுப்பியது கானா ஊர்த் திருமணம். கண்ணுக்குத் தெரிவது பெரிய மாளிகையும் விருந்து மேசையும். தண்ணீர் திராட்சை இரசமான அந்த விருந்தை ஏன் நற்கருணைக்கு முன்னே வைத்தார் என்பது அங்கே முழந்தாளிட்ட சாதாரண சனத்துக்கும் தெரியும். இரசம் இரத்தமாகும் பூசையின் முன்னடையாளம் அது. 1695இல் தாகமாயிருப்போரைத் தண்ணீரண்டைக்கு அழைக்கும் இறைவாக்கினர் எசாயாவின் பகுதியை வைத்து இன்னொன்று செய்தார். இரண்டுமே பழைய துணியாகிப் போய்விட்டன. எங்களுக்கு மிஞ்சியிருப்பது அவற்றின் வரைபடங்கள்.

ரோமுக்கு வருமுன் அவர் பேரெடுத்தது மொண்டோவி என்ற சிறு நகரில். அங்கே புனித சவேரியார் பெயரில் இருந்த தேவாலயத்தில் 1670களின் பிற்பகுதியில் இல்லாத குவிமாடம் ஒன்றைக் கூரையில் வரைந்தார். பிரதான பீடத்தையும் மரமும் துணியும் வர்ணமும் கொண்டே எழுப்பினார். சலவைக்கல் வாங்கப் பணம் இல்லாத இடத்தில் வர்ணம் சலவைக்கல்லாகலாம் என்பது அவருக்கு வசதியான வித்தை மட்டுமல்ல, ஏழைத் தேவாலயங்களுக்குச் செய்த உபகாரமும்கூட. ரோமுக்கு அருகே ஃபிராஸ்காட்டியிலும் இதையே செய்தார். இந்தக் காரணத்தினாலேயே அவர் மீது எனக்கு ஒரு பட்சம் உண்டு.

1681இல் சபையின் அதிபர் தந்தை ஒலிவா அவரை ரோமுக்கு அழைத்தார். பொட்சோவுக்கு அப்போது 38 வயது. அதே ஆண்டில் ஒலிவா இறந்துபோனார். ஆனாலும் பொட்சோ அங்கேயே தங்கினார். இஞ்ஞாசியார் வாழ்ந்து இறந்த அறைகளை ஒட்டிய நடைபாதையை முதலில் வரைந்தார். பின்னர் வந்தது புனித இஞ்ஞாசியார் தேவாலயம். கட்டடம் முடிந்தும் குவிமாடம் எழும்பவில்லை. பணம் போதவில்லை. 1685இல் பொட்சோ சுமார் 17 மீற்றர் விட்டமுள்ள துணியில் குவிமாடத்தை வரைந்து ஓட்டையை மூடினார். கீழே நின்று பார்த்தால் தூண்களோடு மேலே எழுகிற உண்மையான குவிமாடமே. அந்தத் தூண்களைச் சுவரில் நீட்டிய கற்தாங்கிகள் மேல் வரைந்திருக்கிறாரே, உண்மையில் எந்தக் கட்டடக் கலைஞராவது அப்படி வைப்பாரா என்று சிலர் குறை பிடித்தார்கள். தாங்கிகள் உடைந்து தூண்கள் விழுந்தால் நட்டத்தைத் தன் ஓவிய நண்பர் ஒருவர் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று பொட்சோ எழுதி வைத்தார். சபைச் சகோதரர்தான், ஆனால் வாய் சும்மா இருந்த மனிதர் அல்ல.

பிறகு அதே தேவாலயத்தின் நடுக்கூரை. 1694இல் முடிந்த இந்த ஓவியத்தின் பொருளை அவரே, பேரரசரின் தூதராக ரோமில் இருந்த லிக்டன்ஸ்டைன் இளவரசருக்குக் கடிதமாக எழுதி விளக்கினார். மேலே மூவொரு கடவுள். கிறிஸ்துவின் பக்கத்தில் இருந்து ஓர் ஒளிக்கதிர் இறங்கி இஞ்ஞாசியாரின் நெஞ்சில் படுகிறது. அங்கிருந்து அது நான்காகப் பிரிந்து உலகின் நான்கு கண்டங்களுக்குப் போகிறது. இன்னொரு கதிர், இயேசுவின் திருநாமக் குறி பொறித்த கேடயத்தில் பட்டுத் தெறிக்கிறது. பூமியில் தீ மூட்ட வந்தேன் என்ற பொருளில் லூக்கா நற்செய்தியில் வரும் கிறிஸ்துவின் சொல்தான் முழு ஓவியத்தின் கரு. கண்டங்கள் நான்கும் பெண்கள். அமெரிக்காவுக்குச் சிறகுக் கிரீடம், ஆபிரிக்காவுக்கு முதலை, ஆசியாவுக்கு ஒட்டகம். ஒவ்வொருத்தியின் காலடியிலும் அவள் உதறித் தள்ளுகிற பூதங்கள் உருண்டு விழுகின்றன. அவை பழைய வழிபாடுகள்.

இந்தக் கூரையைப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. தளத்தின் நடுவே ஒரு வட்டச் சலவைக்கல். அதன் மேல் நின்றால் சுவர் எங்கே முடிந்து ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நான் அங்கே போனபோது அந்த வட்டத்தில் நிற்க வரிசையே நின்றது. நின்று பார்த்தேன். பிறகு பக்கவாட்டில் நகர்ந்தேன். இருபதடி தள்ளிப் போனதும் தூண்கள் சரிகின்றன, வளைவுகள் நெளிகின்றன, வானம் தலையில் விழப் போகிறதுபோல் இருக்கிறது. இதுவும் அவர் காலத்திலேயே சொல்லப்பட்ட குறைதான். ஒரே புள்ளியில் இருந்து மட்டும் பார்க்கும்படி ஏன் வரைந்தாய், ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு புள்ளி வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். பொட்சோ விட்டுக்கொடுக்கவில்லை. புள்ளி ஒன்றாக இருப்பதே முறை என்றார். தன் புத்தகத்தைத் திறக்கும் மாணவனுக்கு முகவுரையில் அவர் சொல்வதும் அதையே ஒட்டியது. எல்லாக் கோடுகளையும் கடவுளின் மகிமை என்ற அந்த ஒரே புள்ளிக்கு இழு என்கிறார். கோடுகள் போய்ச் சேரும் மறைபுள்ளி, எங்கள் தொழிலில் பென்சிலால் வைத்துப் பிறகு அழித்துவிடும் ஒரு குற்று. அவருக்கு அதுவே விசுவாசத்தின் அடையாளம்.

ஆசியாவின் அருகே அந்தக் கூரையில் சவேரியார் இருக்கிறார். முத்துக்குளித்துறையில் நடந்து திரிந்த அதே சவேரியார். அவர் காலத்தில், 1544இல், மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களை யாழ்ப்பாண அரசன் கொல்வித்தான். 1621இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். பொட்சோ அந்தத் துணிக் குவிமாடத்தை மாட்டி இரண்டு ஆண்டுகளில், 1687இல், கோவையில் இருந்து யோசவ் வாஸ் அடிகள் பிச்சைக்காரக் கோலத்தில் வந்து யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கரைத் தேடித் திரிந்தார். சில்லாலையில் ஒளித்து இருந்தார். பூசைகள் இரவில், வீடுகளில் நடந்தன. 1689 நத்தார் இரவில் பூசைக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். வாஸ் அடிகள் தப்பி வன்னிக்கும் அப்பாலுக்கும் போனார். ரோமில் ஆசியா ஒட்டகத்தின் மேல் வெற்றியோடு வீற்றிருக்க, ஆசியாவின் இந்த மூலையில் அதே விசுவாசத்துக்கு ஒரு பீடம் வைக்க நாலடி இடம் பகலில் கிடையாது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்காமல் என்னால் அந்தக் கூரையைப் பார்க்க முடியவில்லை.

கூரை வேலை நடந்துகொண்டிருந்த 1693இல் அவருடைய புத்தகத்தின் முதல் தொகுதி வந்தது. ஓவியர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் பேர்ஸ்பெக்டிவ் முறையைக் கற்பிக்கும் நூல். ஒரு பக்கம் லத்தீன், ஒரு பக்கம் இத்தாலியம். பேரரசர் முதலாம் லெயோபோல்ட்டுக்குச் சமர்ப்பணம். அதே 1693இல்தான் மறவர் நாட்டில் ஓரியூரில் இயேசு சபைக் குருவான அருளானந்தர் வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டாம் தொகுதி 1700இல். இரண்டிலும் சேர்த்து இருநூறுக்கு மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் தளப்படம், பிறகு பக்கத் தோற்றம், பிறகு இரண்டும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் உருவம். எதையும் ஒளிக்கவில்லை. வித்தை தெரிந்த ஆசாரி அதைத் தன் மகனுக்கு மட்டும் காதோடு சொல்லுகிற உலகத்தில், இந்த மனிதர் எல்லாவற்றையும் செப்புத்தகட்டில் வெட்டி அச்சடித்துக் கொடுத்துவிட்டார்.

அதன் பெறுமதி எனக்குப் புத்தகத்தைப் பார்த்து மட்டும் தெரிந்ததல்ல. யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழித்து எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் உடைந்துபோன தேவாலயத்தின் பீடத்தைத் திரும்பக் கட்ட என்னிடம் படம் கேட்டு வந்தார்கள். பழைய பீடத்துக்கு வரைபடம் என்று ஒன்றும் இல்லை. செய்த ஆசாரி எப்போதோ இறந்துவிட்டார். கிடைத்தது இடப்பெயர்வில் யாரோ உரைப்பைக்குள் வைத்துக் காப்பாற்றிய ஒரு கலியாணப் படம். மணமக்களின் தலைக்குப் பின்னால் பீடத்தின் பாதி தெரிந்தது. வலப்பக்கத் தூணை மணமகனின் தோள் மறைத்திருந்தது. மிச்சத்தைக் கிழவிகளிடம் கேட்டேன். மேலே புறா இருந்தது என்றார் ஒருவர். புறா இல்லை, கண் என்றார் இன்னொருவர். முக்கோணத்துக்குள் ஒரு கண், அது எப்போதும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது என்றார். புறா தூய ஆவி, முக்கோணக் கண் தமத்திரித்துவம். எதை வைப்பது என்பதைக் குருவானவரிடமே விட்டேன். ஒரு படம் மட்டும் இருந்திருந்தால் போதும் என்று அன்றைக்கு எத்தனை தரம் நினைத்தேன்.

பொட்சோவின் பெயரை நிலைநிறுத்திய வேலை 1695இல் தொடங்கியது. ஜெசு தேவாலயத்தில் புனித இஞ்ஞாசியாரின் உடல் வைக்கப்பட்ட இடத்தில் புதிய பீடம். சபை அதிபர் தீர்சோ கொன்சாலெஸ். வேறு கலைஞர்களின் வரைபடங்களும் வந்தன, குறைகூறல்கள் எழுந்தன, நிபுணர்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். கடைசியில் பொட்சோவின் வரைபடமே நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்களும் கைவினைஞர்களும் வேலை செய்தார்கள். எல்லோரையும் மேய்த்தவர் இந்தச் சகோதரர். 1699இல் முடிந்தது, 1700இன் யூபிலி ஆண்டுக்குச் சரியாக.

பீடத்தைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். அடியில் பொன் முலாம் பூசிய வெண்கலப் பேழைக்குள் புனிதரின் எலும்புகள். அதாவது மரணம். அதற்கு மேல் நான்கு தூண்கள், லாபிஸ் லாசுலி என்ற கருநீலக் கல் பதித்து, பொற்கோடுகள் ஓட விட்டவை. எங்கள் இரத்தினபுரி நீலம் அல்ல இது. ஆப்கானிஸ்தான் மலைகளில் இருந்து நெடுங்காலமாக மேற்கே போய்க்கொண்டிருந்த கல். நீலமும் பொன்னும் சேர்ந்தால் வானம். எலும்புக்கும் வானத்துக்கும் நடுவில் புனிதரின் வெள்ளிச் சுரூபம், பூசை உடுப்போடு மேலே பார்த்தபடி. உச்சியில் மூவொரு கடவுள், கீழே நீலப் பூகோளம். அந்தப் பூகோளம் உலகிலேயே பெரிய ஒற்றை நீலக்கல் என்று வழிகாட்டிகள் இன்றும் சொல்கிறார்கள். உண்மையில் உள்ளே சாந்து, வெளியேதான் கல்லோடு. சோடனைக்காரர் கடைசிவரை சோடனைக்காரர்தான்.

சுரூபம் எப்போதும் தெரிவதில்லை. அதை மறைத்து, இஞ்ஞாசியார் கிறிஸ்துவிடம் கொடி பெறும் ஓவியம் தொங்குகிறது. பொட்சோ வரைந்ததுதான். கப்பியும் கயிறுமாக அமைத்த பொறியால் ஓவியம் கீழே இறங்க, உள்ளே சுரூபம் வெளிப்படும். பல காலம் முடங்கிக் கிடந்த பொறியை அண்மைக் காலத்தில் திருத்தி, இப்போது மாலையில் இசையோடு இயக்குகிறார்கள். கோயிலில் திரை விலகித் தீபாராதனை காட்டும் கணத்தை அறிந்தவர்களுக்கு அந்த நேரத்தில் கூட்டத்தில் எழும் மூச்சு புதிதல்ல.

பீடத்தின் இருபக்கமும் இரண்டு சலவைக்கல் தொகுதிகள். சிற்பிகள் வேறு, ஆனால் திட்டம் பீடத்தோடு சேர்ந்தது. வலப்பக்கம் பியேர் லெக்ரோ செதுக்கியது. மதம் என்ற பெண் சிலுவையோடு நின்று, வெறுப்பையும் பேதகத்தையும் அடித்து விழுத்துகிறாள். பேதகம் பாம்போடு உருண்டு தூண்மேடையின் விளிம்பைத் தாண்டிக் கீழே சரிகிறது. ஒரு குட்டிச் சம்மனசு சிரத்தையாகப் புத்தகத்தின் தாள்களைக் கிழிக்கிறது. புத்தகம் ஒன்றில் லூத்தரின் பெயர். இடப்பக்கம் தெயோதோன் செதுக்கியது. விசுவாசம் என்ற பெண் இரசக் கிண்ணத்தோடு நிற்க, அந்நிய அரசன் ஒருவன் முழந்தாளிடுகிறான். விக்கிரக வழிபாடு வீழ்கிறது.

அந்த இடப்பக்கத் தொகுதியின் முன் நான் கூடுதல் நேரம் நின்றேன். விக்கிரகத்தைக் கும்பிடுகிறவன் அங்கே நான். கோபம் வந்தது என்று சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்தில் சைவன், கத்தோலிக்கன், புரட்டஸ்தாந்தன் என்று எல்லோருடைய முன்னோரும் ஒரு காலத்தில் மிதித்தவர்கள், ஒரு காலத்தில் மிதிபட்டவர்கள். ஒல்லாந்தர் காலத்தில் இந்தச் சிற்பத்தைச் செதுக்கியிருந்தால் காலடியில் கிடப்பது பொட்சோவின் ஆட்களாக இருந்திருக்கும். எங்கள் காலத்தில் வழிபாட்டிடங்களுக்குள் அடைக்கலம் புகுந்தவர்களுக்கு மேல் குண்டு விழுந்தபோது யாரும் சிற்பம் செதுக்கவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். விழுகிறவர்களின் முகங்களில்தான் சிற்பிகள் தங்கள் முழுத் திறமையையும் காட்டியிருக்கிறார்கள். வெல்லுகிறவளின் முகத்தில் ஒன்றுமில்லை. விழுகிற கிழவியின் முகத்தில் பயம், வலி, அவமானம் எல்லாம் இருக்கிறது. சிற்பியின் கை எந்தப் பக்கம் நின்றது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. என் கண் போன பக்கம் அதுதான்.

வெள்ளிச் சுரூபம் நூறு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1773இல் பாப்பரசரே இயேசு சபையைக் கலைத்துவிட்டார். 1797இல் நெப்போலியனின் படைக்குத் தோற்ற பாப்பரசர் ஆறாம் பயஸ் தொலெந்தீனோ உடன்படிக்கையில் பெருந்தொகை கட்ட ஒப்புக்கொண்டார். அந்தக் கடனுக்காக ரோமின் தேவாலயங்களில் இருந்த வெள்ளி உருகியது. இஞ்ஞாசியாரின் உடலும் உருகியது. பின்னர் சுதையால் செய்து வெள்ளிப்பூச்சு அடித்து அதே இடத்தில் நிறுத்தினார்கள். பேதகத்தை அடித்து விழுத்தும் சிற்பம் பத்திரமாக அங்கேயே நிற்க, புனிதரைக் கொண்டுபோனது ஒரு கத்தோலிக்க நாட்டின் பட்டாளம். சபை மீண்டும் உயிர்த்தது 1814இல்.

ஜெசு பீடம் முடியுமுன்னரே புனித இஞ்ஞாசியார் தேவாலயத்தில் இன்னொரு பீடம் எழுந்தது. அலோய்சியுஸ் கொன்சாகாவுக்கு. தமிழ்க் கத்தோலிக்கர் அவரை ஞானப்பிரகாசியார் என்கிறார்கள். எங்கள் பகுதியில் எத்தனை ஞானப்பிரகாசங்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். பிரபு குலத்தில் மூத்த மகனாகப் பிறந்து உரிமையைத் தம்பிக்கு விட்டுவிட்டுச் சபையில் சேர்ந்தவர். 1591இல் ரோமில் கொள்ளைநோய் கண்டவர்களைப் பராமரித்து, அந்த நோயாலேயே 23 வயதில் இறந்தார். அவருடைய ஊர் கஸ்திலியோனே. அதே சிற்றூரில்தான் 1680இல் வீரமாமுனிவர் பிறந்தார். பொட்சோவின் பீடம் முடிவதற்கு ஓராண்டு முன் இயேசு சபையில் சேர்ந்து, பின்னர் தமிழகம் வந்து தேம்பாவணி பாடிய அதே பெஸ்கி.

இந்தப் பீடத்தின் தூண்கள் நேரானவை அல்ல, முறுகியவை. பச்சைச் சலவைக்கல்லில் கயிறு முறுக்கியதுபோல் மேலே ஏறுகின்றன. இப்படியான தூண்கள் எருசலேமில் சாலமோனின் ஆலயத்தில் இருந்தன என்று ஐரோப்பாவில் நெடுநாள் நம்பிக்கை. ஆகவே முறுகிய தூணைக் கண்டால் பழைய ஏற்பாட்டின் ஆலயம் இங்கே தொடர்கிறது என்று பொருள். நடுவில் ஓவியத்துக்குப் பதில் லெக்ரோவின் சலவைக்கல் புடைப்புச் சிற்பம், மெலிந்த இளைஞன் முகில்களில் மேலெழுகிறான். அடியில் நீலக்கல் பேழைக்குள் அவன் எலும்புகள். ஜெசு பீடத்தோடு ஒப்பிட்டால் சிறியது. காலடியில் யாரும் நசுங்கவில்லை. எனக்குப் பிடித்த பீடம் இது.

இரண்டு பீடங்களையும் இரண்டாம் தொகுதியில் வரைபடமாகத் தந்தார். கூடவே வேறு பல பீடங்கள், சில கட்டியவை, சில மனதில் மட்டும் இருந்தவை. அதில் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே சிரித்தேன். தூண்கள் இடுப்பில் மடிந்து உட்கார்ந்திருக்கின்றன! நியாயமும் சொல்கிறார். பழைய காலத்தவர் தூண்களுக்குப் பதில் மனித உருவங்களை வைத்தார்கள். மனிதன் நிற்கத்தான் வேண்டுமா, இருக்கக் கூடாதா? அப்படியானால் தூணும் இருக்கலாம். பின்வந்த காலத்தில், நேர்கோடுகளும் ஒழுங்கும் மோஸ்தராகிவிட்ட 18ஆம் நூற்றாண்டில், மிலீசியா என்ற விமர்சகர், தலைகீழாகக் கட்டடக் கலைஞராக விரும்புகிறவன் பொட்சோவைப் படிக்கட்டும் என்று எழுதினார். அதுவும் ஒரு விதத்தில் பாராட்டே.

1700களின் தொடக்கத்தில் பேரரசர் லெயோபோல்ட் அவரை வியன்னாவுக்கு அழைத்தார். அறுபது வயதில் அல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போனார். அங்கே இயேசு சபைத் தேவாலயத்தை உள்ளே முழுவதும் மாற்றி, மறுபடி ஒரு பொய்க் குவிமாடம் வரைந்து, பிரதான பீடத்தை வடிவமைத்தார். பிறகு லிக்டன்ஸ்டைன் குடும்பத்தின் தோட்ட மாளிகைக்கு ஒரு கூரை. அதில் வரைந்தது ஹெர்குலிஸைக் கிரேக்கத் தெய்வங்கள் தங்கள் உலகத்துக்கு வரவேற்பதை. ரோமில் விக்கிரக வழிபாடு மிதிபடும் பீடத்தை வரைந்த அதே கை, அதே மறைபுள்ளி, அதே வானம். அங்கே கிறிஸ்து, இங்கே சேயுஸ். சமயமும் அரச மாளிகையும் தனித்தனிக் கணக்கு என்று அவர் காலத்தவர் எடுத்திருக்க வேண்டும். யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

புத்தகமும் தன் பாட்டில் பயணப்பட்டது. 1707இல் லண்டனில் முதல் தொகுதி ஆங்கிலத்தில் வந்தது. கத்தோலிக்கரை ஒதுக்கி வைத்திருந்த இங்கிலாந்தில், புனித பவுல் பேராலயம் கட்டிய கிறிஸ்தோபர் ரென்னும், வான்புறூவும், ஹோக்ஸ்மூரும் அந்த நூலைப் பரிந்துரைத்துக் கையெழுத்து வைத்தார்கள். லூத்தரின் புத்தகத்தைக் கிழிக்கும் சம்மனசை அவர்கள் கேள்விப்பட்டிருந்தாலும் கோடு சரி என்பதைப் பார்த்தார்கள். 1729இல் சீனாவில் நியன் சியாவ் என்ற அதிகாரி, பீஜிங் அரண்மனையில் ஓவியராக இருந்த கஸ்திலியோனே என்ற இயேசு சபைச் சகோதரரின் உதவியோடு, இந்த முறையைச் சீனத்தில் நூலாக்கினார். கஸ்திலியோனேயும் குருப்பட்டம் பெறாதவர்தான்.

அதைப் பார்க்கப் பொட்சோ இல்லை. 1709 ஓகஸ்ட் 31 அன்று வியன்னாவில் இறந்தார். வயது 66. தான் திருத்திய தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அந்தத் தேவாலயத்தின் தளத்திலும் ஓர் இடம் குறித்து வைத்திருக்கிறார்கள். அங்கே நின்றால் பொய்க் குவிமாடம் நிமிர்ந்து நிற்கும். பீடத்தை நோக்கி நடக்க நடக்க அது சரியத் தொடங்கும்.